கழித்த வெளிச்சம்

சென்னை முழுவதையும் ஒரே படமாக எடுத்து வைக்க வேண்டும் என்று மாநகராட்சி முடிவு செய்தது. அந்த வேலையை எடுத்துக்கொண்ட குழுவில் படத்தைத் தைக்கும் பொறுப்பு ஜெசிந்தா பெர்னாண்டோவுக்கு. தூத்துக்குடிக்காரி, வயது முப்பத்திநான்கு. தைப்பது என்றுதான் அவர்கள் சொல்வார்கள். அண்ணா சாலையை ஒட்டிய நாற்பத்தெட்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில் நிறுத்தியிருந்த கேமரா, கடலில் தொடங்கி நகரத்தைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டே ஒரு சுற்று வரும். மொத்தம் ஆயிரத்து நானூறு துண்டுகள். விளிம்பு தெரியாமல் அவற்றை ஒட்டினால் நகரம் கிடைக்கும். அதில் ராயபுரத்து மொட்டை மாடி ஒன்றில் காயப்போட்ட மிளகாயைக்கூட ஒவ்வொன்றாக எண்ணலாம்.

எண்ணலாம் என்று சொல்வது சுலபம். சென்னையில் கேமராவுக்கு முதல் பகை கானல். காலை ஏழு மணிக்கே கூரைகள் சூடேறி, காற்று நெளிந்து, கட்டடங்களின் ஓரம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல ஆடத் தொடங்கிவிடும். அதனால் கேமரா ஒவ்வொரு துண்டையும் ஒரு நிமிடம் முழுக்க உற்றுப் பார்த்து ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்தது. அசையாதது எது, நடுங்குவது எது என்று மென்பொருள் பிரித்து, நடுக்கத்தைக் கழித்துவிடும். மிஞ்சியது துல்லியமான படம். கழித்தது இன்னொரு கோப்புக்குப் போகும். குழுவில் அதற்குக் ‘கழிவு’ என்று பெயர். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. படம் முடிந்த மூன்றாம் நாள் அது தானே அழிந்துவிடும்.

காலை வெளிச்சத்தில் மட்டும் ஏழு நாட்கள் எடுத்து புதன்கிழமை முடித்தார்கள். வியாழனன்று ஜெசிந்தாவுக்கு அறுநூற்றுப் பதினோராவது துண்டு மட்டும் ஒட்ட மறுத்தது. புளியந்தோப்புப் பக்கம், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு எடுத்தது. எங்கே இடிக்கிறது என்று பார்க்க அந்தத் துண்டின் கழிவைத் திறந்தாள்.

இருட்டுத் திரையில் இருபத்து மூன்று சிறிய புள்ளிகள் மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு தாளத்தில்.

கேமராவில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு அந்தப் புள்ளிகளை அசல் படத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு முகத்தின்மேல் போய் உட்கார்ந்தது. துணி உலர்த்தும் பெண், செய்தித்தாள் படிக்கும் கிழவர், சன்னல் கம்பியைப் பிடித்து நிற்கும் குழந்தை. அரை மணி நேரம் கழித்து எழுந்து குழுத் தலைவர் வைகுந்தநாதனின் அறைக்குப் போனாள்.

“சார், நாம கழிச்சது வெறும் கானல் இல்ல.”

“வேற என்ன?”

“நாடி. நெஞ்சு அடிக்கிற ஒவ்வொரு தடவையும் முகத்துக்கு ரத்தம் ஏறுது. தோல் ஒரு துளி சிவக்குது. நம்ம கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியுது. அதையும் நடுக்கம்னு நினைச்சு மென்பொருள் கழிச்சிடுது.”

வைகுந்தநாதன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இருபத்தைந்து வருடமாகக் கேமராக்களோடு வாழ்ந்தவர். அவருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

“அஞ்சு கிலோமீட்டர் தூரத்துல இருந்தா?”

“அஞ்சு கிலோமீட்டர்ல இருந்து.”

“மூடு அதை. யார்கிட்டயும் பேசாதே.”

“மூடிடுவேன் சார். ஆனா அதுல ஒரு புள்ளி சரியா இல்ல.”

சரியாக இல்லாத புள்ளி நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் உச்சியில், பச்சை லுங்கி கட்டிப் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஓர் ஆணுடையது. மற்றவை சீராக மின்னும்போது அது மட்டும் எட்டுப் பத்து முறை மின்னும், நிற்கும். மூன்று நொடி, சில நேரம் நான்கு நொடி. பிறகு ஏதோ நினைவு வந்ததுபோலத் திரும்பவும் தொடங்கும். ஒரே நிமிடத்தில் ஐந்து முறை அப்படி நின்றது. அந்த மனிதனோ நிதானமாகப் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

ஜெசிந்தாவின் அக்கா செலின் தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுப்பவள். அந்த அரை மணி நேரத்துக்குள் ஜெசிந்தா புள்ளியின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக மாற்றி, யாருடையது என்று சொல்லாமல் அவளுக்கு அனுப்பியிருந்தாள். ஐந்தாவது நிமிடம் போன் வந்திருந்தது.

“ஏட்டி, இது யாருது?”

“தெரிஞ்சவங்க ஒருத்தர்.”

“தெரிஞ்சவங்கன்னா ஏன் இன்னும் வீட்டுல வச்சிருக்கிய? நின்னு நின்னுல்லா அடிக்கி! எந்நேரமும் மயக்கம் போட்டு விழுவாவ. இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. சின்னதா ஒரு பெட்டி வச்சா நூறு வயசு இருக்கலாம். வைக்காட்டி, நின்னது ஒருநாள் நின்னதுதான்.”

இதையெல்லாம் கேட்டுவிட்டு வைகுந்தநாதன் அலமாரியிலிருந்து மாநகராட்சியின் அனுமதிக் கடிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். முதல் நிபந்தனை: எந்தச் சன்னலுக்குள்ளும் பார்க்க மாட்டோம், எல்லா முகங்களையும் மங்கலாக்குவோம். அதன் கீழே இருவருடைய கையெழுத்தும் இருந்தது.

“நீ அந்த ஆள்கிட்ட போய்ச் சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பார். நீ உண்மையைச் சொல்லுவே. அடுத்த வாரம் ஊருக்கே தெரியும். அப்புறம் வேலைக்கு ஆள் எடுக்கிறவன் வருவான், இன்ஷூரன்ஸ்காரன் வருவான். ஊர்வலத்துல எவனுக்கு நெஞ்சு வேகமா அடிச்சுதுன்னு போலீஸ் வந்து கேக்கும். ஒருத்தரைக் காப்பாத்தப் போய் ஒரு ஊரையே காட்டிக் குடுக்கப் போறியா?”

“அப்ப அந்த ஆளு?”

“அந்த ஆளை நீ பாக்கவே இல்ல. சனிக்கிழமை அந்த ஃபைல் தானா போயிடும்.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் ஜெசிந்தாவுக்குக் கொடுமையாக இருந்தது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. இந்நேரம் அந்த ஆளும் எங்கேயோ சாப்பிட்டுக்கொண்டிருப்பான் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்ததும் கழிவுக் கோப்பு தானாக அழியாதபடி பூட்டினாள். வேறெந்தத் துண்டையும் திறக்கவில்லை. பிறகு புளியந்தோப்புக்கு ஆட்டோ பிடித்தாள்.

குடியிருப்பைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கீழே ஒரு மஞ்சள் நிறப் பள்ளி வேன் நின்றிருந்தது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் வாளித் தண்ணீரை மொண்டு அதன் கண்ணாடியில் ஊற்றிக்கொண்டிருந்தார். பச்சை லுங்கி.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவர். இந்த ஒன்றை ஜெசிந்தா எதிர்பார்க்கவில்லை.

“அண்ணே, போன ஞாயித்துக்கிழமை காலையில மாடியில பல் தேச்சிட்டு இருந்தது நீங்கதானே?”

அவர் குவளையைக் கீழே வைத்தார். “ஆமா, நான்தான். இன்னா அதுக்கு? பல்லு தேக்கறது தப்பா?”

பேர் ஏகாம்பரம் என்றார். அவள் தன் பெயரைச் சொல்லி, எங்கிருந்து வருகிறாள் என்றும் சொல்லி, எதையும் மறைக்காமல் நடந்ததை எல்லாம் சொன்னாள். மாடியிலிருந்து இறங்கி வந்த அவருடைய மனைவி குமாரி பாதியிலிருந்து கேட்டாள்.

ஏகாம்பரத்தின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

“அங்க குந்திக்கினு எங்க ஊட்டு மாடியப் பாப்பீங்களா? லுங்கியோட நிக்கறது, பொம்பளைங்க துணி காய வெக்கறது, எல்லாத்தையும்?”

“பாக்கக் கூடாதுண்ணே. தப்புதான்.”

“தப்புன்னு தெரியுதுல்ல? கெளம்பு. எனக்கு ஒண்ணும் இல்ல. குத்துக்கல்லாட்டம் இருக்கேன்.”

“உங்களுக்கு எப்பவாவது கண்ணு இருட்டிக்கிட்டு வந்திருக்கா?”

அவர் குவளையை எடுத்துத் தண்ணீர் மொண்டார். குமாரிதான் மெதுவாகக் கேட்டாள். “போன மாசம் பாத்ரூம்ல வழுக்கி உய்ந்தேன்னியே, நெஜமா வழுக்கித்தான் உய்ந்தியா?”

“நீ சும்மா இரு.”

“மூஞ்சப் பாத்துச் சொல்லு.”

ஏகாம்பரம் வேனின் படியில் உட்கார்ந்தார். நனைந்த கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே இருந்தார். கை உலர்ந்த பிறகும் துடைத்தார்.

“ரெண்டு வாட்டி. ஒண்ணு ஊட்ல. ஒண்ணு சிக்னல்ல, வண்டி நிக்கறப்போ. பின்னாடி இருக்கறவன் ஆரன் அடிச்சப்பதான் முழிச்சேன். டாக்டராண்ட போனா லைசன்ஸு போயிடும். பதினெட்டு வருஷமா ஸ்டியரிங்கத் தவிர எனக்கு வேற இன்னா தெரியும்?”

“வண்டியில புள்ளைங்க இருந்துச்சா?” என்றாள் குமாரி.

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

குமாரி வேனுக்குள் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கி, முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். போனை எடுத்து, மூணு மணிக்குப் பிள்ளைகளை ஏற்ற வேறு ஆளை அனுப்பச் சொல்லிப் பள்ளிக்குத் தகவல் சொன்னாள். ஏகாம்பரம் ஜெசிந்தாவை நிமிர்ந்து பார்த்தார்.

“போம்மா. இனிமே இந்தப் பக்கம் வராதே.”

அன்று மாலையே பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். படுக்கையில் இருக்கும்போதே ஒரு முறை ஆறு நொடி நின்றதாம். செவ்வாய்க்கிழமை நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். பிழைத்துவிட்டார். ஆனால் இனிமேல் பள்ளி வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வீடு திரும்பிய நான்காம் நாள் ஏகாம்பரம் மாநகராட்சிக்கு ஒரு புகார் எழுதினார். ஒரே பக்கம்.

“அந்த அம்மா வராவிட்டால் நான் செத்திருப்பேன். அதற்கு நன்றி. என்னைக் கேட்காமல் என் மாடியில் என் நெஞ்சைப் பார்த்தது குற்றம். அதற்கு நடவடிக்கை எடுக்கவும். ஒன்றுக்காக இன்னொன்றைத் தள்ளுபடி செய்ய வேண்டாம்.”

வைகுந்தநாதன் சொன்னபடியே நடந்தது. செய்தி ஊரெங்கும் பரவியது. சன்னல்களில் திரைகள் முளைத்தன. அந்த நாற்பத்தெட்டு மாடிக் கட்டடத்தின் வாசலில் ஒருநாள் பெரிய கூட்டம் கூடிக் கூச்சல் போட்டது. ஜெசிந்தாவைத் தற்காலிகமாக நீக்கினார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி சுலோசனா தேவராஜ் தலைமையில் விசாரணை தொடங்கியது. அவள் பூட்டி வைத்த கோப்புக்கு முத்திரை வைத்தார்கள்.

விசாரணையின் மூன்றாம் நாள் நீதிபதி ஒன்று கேட்டார். “யார், எங்கே என்று வேண்டாம். எண்ணிக்கை மட்டும் சொல்லுங்கள். அந்தக் கோப்பில் மொத்தம் எத்தனை முகங்கள்? இவருடையதைப் போல எத்தனை?”

மென்பொருள் எண்ணிச் சொன்னது. முப்பத்தெட்டாயிரம் முகங்கள். ஏகாம்பரத்தைத் தவிர, அப்படி நின்று நின்று அடிப்பவை ஐம்பத்தேழு.

ஐம்பத்தேழு பேரும் இந்த நிமிடம் எங்கேயோ காய்கறி வாங்கிக்கொண்டிருப்பார்கள், பேருந்தில் தொங்கிக்கொண்டிருப்பார்கள். ஒரு வழக்கறிஞர் எழுந்து அத்தனை பேர் வீட்டுக்கும் உடனே ஆள் அனுப்ப வேண்டும் என்றார். இன்னொருவர், அப்படி அனுப்பினால் நாளைக்கு எதை வேண்டுமானாலும் இதே காரணம் சொல்லிப் பார்க்கலாம், இப்போதே அழியுங்கள் என்றார். வைகுந்தநாதனைக் கேட்டார்கள்.

“அழிச்சிடணும்” என்றார் அவர். “அன்னைக்கும் அதைத்தான் சொன்னேன்.” பிறகு ஏகாம்பரம் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். “அன்னைக்கு நான் சொன்னதைக் கேட்டிருந்தா இவர் இங்க இல்ல. அதுவும் எனக்குத் தெரியும்.”

பின் வரிசையில் ஏகாம்பரம் கையைத் தூக்கினார். சட்டைக்குள் கட்டு இன்னும் பிரிக்கவில்லை.

“அம்மா, நான் ஒண்ணு சொல்லலாமா? ஊட்டாண்ட ஆள அனுப்பாதீங்க. திடீர்னு ஒருத்தர் வந்து உன் நெஞ்சு சரியில்லன்னு சொன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஆனா அழிக்கவும் அழிக்காதீங்க. ஊருக்கே சொல்லுங்க. இந்த மாதிரி படம் எடுத்தோம், இந்த மாதிரி தெரிஞ்சிருச்சு, எங்க தப்புதான்னு சொல்லுங்க. வேணும்ங்கறவன் வந்து கேக்கட்டும். வந்தவனுக்கு அவனோடத மட்டும் காட்டுங்க. வராதவனோடத யாரும் தொறக்காதீங்க. அவன் நெஞ்சு, அவன் இஷ்டம்.”

நீதிபதி நெடுநேரம் எதையோ எழுதினார். மறுநாள் வந்த உத்தரவில் ஏறக்குறைய இதுதான் சட்டத் தமிழில் இருந்தது. அறுபது நாள் அவகாசம். அவரவர் தம் மாடியை, தம் சன்னலைத் தாமே படத்தில் காட்ட வேண்டும். அறுபதாம் நாள் மிச்சத்தை அழிக்க வேண்டும். கோப்பைத் திறந்து காட்டும் வேலைக்கு, அதை நன்கு அறிந்த ஜெசிந்தாவையே போட்டார்கள். கண்காணிக்க வைகுந்தநாதன்.

முதல் மூன்று நாள் ஒருவரும் வரவில்லை. நான்காம் நாள் திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு பூக்காரம்மா கூடையோடு வந்தாள். “எங்க ஊட்டுக்காரர் போன வருசம் ஒக்காந்த எடத்துல போய்ட்டார். எனக்கும் அப்பிடித்தானான்னு பாத்துச் சொல்லு கண்ணு” என்றாள். அவளுடைய புள்ளி கடிகாரம்போல அடித்தது. அவள் சிரித்துக்கொண்டே வெளியே போய் யார் யாரிடம் என்ன சொன்னாளோ, மறுநாள் நூறு பேர் நின்றார்கள். அடுத்த வாரம் வரிசை கட்டடத்தைச் சுற்றி வந்தது. ஆட்டோ ஓட்டுநர்கள், கணினி நிறுவன ஊழியர்கள், கர்ப்பிணிகள், தன் பெயரைச் சொல்லத் தயங்கிய ஒரு நடிகை. சிலர் காட்டிய மாடியில் அந்த நிமிடம் அவர்கள் இல்லை. ஏமாற்றத்தோடு திரும்பினார்கள்.

ஐம்பத்தேழில் நாற்பத்துநான்கு பேர் வந்தார்கள். அந்த நாற்பத்துநான்கு பேரிடமும் சொல்லும்போது ஜெசிந்தா நாற்காலியை விட்டு எழுந்து அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஒருவர் அழுதார். ஒருவர், “அப்பாடா, பயம்னு நினைச்சிட்டு இருந்தேன், நோய்தானா” என்றார்.

அறுபதாம் நாள் மாலை ஐந்து மணிக்குக் கடைசி ஆளும் போனார். திரையில் ‘அழிக்கவா?’ என்ற கேள்வி நின்றது.

“பதிமூணு பேர் சார்” என்றாள் ஜெசிந்தா.

“ம்.”

“ஒரு நிமிஷம் போதும். எந்தத் தெருன்னு மட்டும்...”

வைகுந்தநாதன் அவளைத் தடுக்கவில்லை. நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்தார். என்ன செய்தாலும் தான் பார்க்கவில்லை என்பதுபோல. கீழே நகரம் வெயில் தணிந்து பழுப்பாகக் கிடந்தது. ஜெசிந்தா ஏகாம்பரத்தை நினைத்துக்கொண்டாள். வராதவனோடத யாரும் தொறக்காதீங்க. அழித்தாள். பிறகு மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். வைகுந்தநாதன் எழுந்து போய் இரண்டு டீ வாங்கி வந்தார்.

மறு வருடம் நகரத்தைத் திரும்பவும் படமெடுத்தார்கள். இந்த முறை விதியை எழுதியவர் வைகுந்தநாதன். ஒவ்வொரு பகுதிக்கும் எந்த நாள், எந்த நிமிடம் என்று ஒரு மாதம் முன்பே அறிவித்துவிட வேண்டும். நெஞ்சைப் பார்க்கச் சம்மதிப்பவர்கள் மாடிக்கு வந்து கேமரா இருக்கும் திசை பார்த்து நிற்கலாம். மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொள்ளலாம். நிற்பவர்களின் நாடியை மட்டுமே மென்பொருள் எடுக்கும். முடிவு அவரவர் கைக்குப் போகும், வேறு யாருக்கும் போகாது.

எத்தனை பேர் வருவார்கள் என்று யாருக்கும் நிச்சயமில்லை. முதல் காலை மெரினா ஓரத்துக் குடியிருப்புகளைக் கேமரா பார்த்தபோது மாடி கொள்ளாமல் ஆட்கள். குழந்தைகளுக்குத் தலை வாரி, பவுடர் பூசி நிறுத்தியிருந்தார்கள். நடக்க முடியாத ஒருவரை நாற்காலியோடு தூக்கி வந்து வைத்திருந்தார்கள். கட்டடங்களைப் படம் எடுக்கக் கிளம்பியவர்களுக்குக் கட்டடமே தெரியவில்லை. போன வருடத்துப் பதிமூன்று பேரில் யாராவது அந்தக் கூட்டத்தில் நின்றார்களா என்று ஜெசிந்தாவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை. நின்றிருக்கலாம் என்று நினைத்துக்கொள்ள முடிந்தது.

நான்காம் நாள் புளியந்தோப்பின் முறை. அந்த நான்கு மாடிக் குடியிருப்பு திரையில் வந்தது. குமாரி நின்றாள், பக்கத்து வீட்டுப் பெண்கள் நின்றார்கள். ஏகாம்பரத்தைக் காணோம். அவர் வீட்டுச் சன்னல் சாத்தியிருந்தது. இப்போது அவர் பள்ளியில் வண்டிகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். ஒரு மாதம் முன்பு சாலையில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தார். விதிப்படி கூப்பிட்டுக் கேட்கக் கூடாதுதான். இருந்தும் ஜெசிந்தா போனை எடுத்துவிட்டாள்.

“அண்ணே, எங்க இருக்கீங்க? உடம்பு நல்லா இருக்குல்ல?”

“ஊட்லதான் குந்திக்கினு இருக்கேன். இட்லி துன்றேன். ஏன்?”

“மாடிக்கு வரலையே?”

மறுமுனையில் ஏகாம்பரம் சிரித்தார். “என் நெஞ்ச ஏற்கெனவே பாத்துட்டே. அதுல வெச்ச பெட்டி இனிமே பாத்துக்கும். ஊரே வரணும்னா சொன்னேன்? வேணும்ங்கறவன் வரட்டும்னுதானே சொன்னேன்? எனக்கு வேணாம்.”

ஜெசிந்தாவுக்கும் சிரிப்பு வந்தது. கண்ணில் நீரும் வந்தது.

“சரிண்ணே.”

“போன வெச்சிட்டு கேமராவத் திருப்பு. அடுத்த தெரு ஜனம் வெயில்ல நிக்குது பாரு.”

அவள் திருப்பினாள். அடுத்த தெரு முழுவதும் மாடியேறி, முகத்தை நிமிர்த்தி, அவளுக்காகக் காத்து நின்றது.